இடக்கை முடிச்சு

பெட்டி லோடு ஆட்டோவில் வந்தது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்குள் லோடு ஆட்டோ நுழைந்தால் ஐஸ் பெட்டியோ, ரிப்பேருக்குப் போய் வந்த இன்ஜினோ, கல்யாண வீட்டு நாற்காலியோதான் இறங்கும். அதனால் சவப்பெட்டி இறங்கியதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. முன்பக்கத்தைத் தச்சனின் ஆள் பிடித்தான், பின்பக்கத்தை அமலனின் அப்பா பர்னபாஸ் பிடித்தார். வெறும் பெட்டி இவ்வளவு லேசாக இருக்குமென்று அவர் நினைத்திருக்கவில்லை. தூக்கிய வேகத்தில் பின்னால் தடுமாறிச் சுவரில் போய் இடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்குத்தான் தெரு திரும்பிப் பார்த்தது.

செத்தவன் வீட்டுக்குப் பெட்டி வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் கரையில் செத்தவன் வராமல் பெட்டி மட்டும் வருவதும் உண்டு. கடல் சில நேரம் ஆளைத் திருப்பித் தராது. அவன் உடுத்திய சட்டையையும் கைலியையும் பெட்டிக்குள் வைத்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள். அதற்கு அவன் மனைவி சம்மதிக்க வேண்டும். அமலன் விஷயத்திலும் பங்குச் சாமியார் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"ஆனி ஒரு வார்த்த சொல்லட்டும் பர்னபாஸ். சொன்ன மறுநாளே வச்சிக்கிடலாம்."

ஆனி அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. புருசன் தண்ணீருக்குள் போய் வராமல் போன அதே வாரத்தில் சங்கு கழுவும் கிட்டங்கிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். சமைத்தாள், சாப்பிட்டாள், குழாயடியில் தன் முறைக்குக் குடம் வைத்தாள். அவளோடு சேர்ந்து அழுவதற்கென்று வந்த பெண்கள் ஏமாந்து திரும்பினார்கள். ஒருநாள் அவள் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆனி உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பளைக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று தெருவில் பேச்சு. எனக்கு அது கல்லாகத் தெரியவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் தரையில்தான் இருக்கும், இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஆனி கிட்டங்கியிலிருந்து வந்தபோது பெட்டி முன்னறைச் சுவரில் சாய்ந்து நின்றது. அவள் சேலை அதில் படாமல் ஒதுங்கிப்போய்த் தூக்குவாளியை அடுப்படியில் வைத்தாள். வாளியில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள்.

"பெட்டி வந்திருக்கு," என்றாள் மாமியார் விக்டோரியா.

"பாத்தேன் மாமி."

"நீ என்ன சொல்லுத?"

"கொழம்பு இருக்கா, வைக்கணுமா?"

விக்டோரியா மருமகளின் முதுகைப் பார்த்தாள். பிறகு, "ஊளி மீனு வாங்கி வச்சிருக்கேன். புளி கரைச்சாச்சு," என்றாள். அவளும்தான் வேறென்ன சொல்வாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது பர்னபாஸ் பேச்சை எடுத்தார். "பெட்டிய யாரு தூக்கதுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"ஊருல ஆம்பளையா இல்ல?" என்றாள் விக்டோரியா.

"தலமாட்டுப் பக்கம் கயிறு பிடிச்சவன்தான் தூக்கணும். அது நம்ம வழக்கம்."

"கயிறு பிடிச்சானாக்கும்! பிடிச்ச லெச்சணந்தான் பெட்டிக்குள்ள சட்டைய மடிச்சு வைக்கப் போறோம். நீரு பேசாம சோத்தத் தின்னும். அவன் எம் வாசல மிதிச்சாம்னா நான் இந்தக் கடலுல போய் விழுந்துருவேன்."

அவன் என்றது ஜெஸ்டினை. ஆனியின் கூடப்பிறந்த அண்ணன். ஆனி நிமிரவே இல்லை. மாமனாருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

இந்தக் கயிறு விவகாரத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து இங்கே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவனுடைய மச்சான்தான் மேலே வள்ளத்தில் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது. பங்காளி மனசில் எந்த நேரம் என்ன ஓடும் என்று யார் கண்டது? ஆனால் தங்கச்சி தாலி அறுக்கட்டும் என்று எந்த அண்ணனும் கையை விடமாட்டான். முத்து போய்ச் சங்கு மட்டும் மிஞ்சிய பிறகும், மூச்சடக்கிக் குளிப்பது போய் வள்ளத்தில் கம்ப்ரஸர் வைத்துக் காற்று டியூபைக் கடித்துக்கொண்டு இறங்கும் காலம் வந்த பிறகும், அந்த வழக்கம் மாறவில்லை. டியூபையும் மச்சான்தான் பிடிக்கிறான்.

அமலன் கீழே பாரில், கடலடிப் பாறைத் திட்டில், தவழ்ந்து சங்கு பொறுக்குவான். வலைப்பை நிறைந்ததும் அதன் வாயைக் கயிற்று நுனியில் முடிந்து ஓர் இழுப்பு இழுப்பான். ஜெஸ்டின் மேலிருந்து கயிற்றை வலிக்க, பையைப் பிடித்தபடி அமலனும் கூடவே ஏறிவருவான். தண்ணீருக்கு மேலே முதலில் தெரிவது பையும் அதைப் பிடித்த கையும்தான். பிறகுதான் தலை.

கரைக்கு வந்ததும் ஜெஸ்டின் தன் வீட்டுக்குப் போகமாட்டான். அமலனைக் கூட்டிக்கொண்டு நேரே தங்கச்சி வாசலுக்கு வருவான். வெளியே நின்றபடியே சத்தம் கொடுப்பான்:

"ஏளா ஆனி, உன் ஆளக் கொண்டாந்துட்டேன். பாத்துக்க!"

"பாத்துக்கிட்டேன், பாத்துக்கிட்டேன். காப்பி குடிச்சிட்டுப் போ," என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கல்யாணத்துக்கு மறுவாரம் விளையாட்டாகத் தொடங்கியது. பிறகு அது இல்லாமல் பொழுது அடையாது என்று ஆகிவிட்டது. காய்ச்சலில் கடலுக்குப் போகாத நாளில்கூட அமலனை வாசலுக்கு வெளியே இழுத்து நிறுத்தி, "கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போன ஆள் ஜெஸ்டின். தெருவே சிரிக்கும்.

அந்த நாள் வான் தீவுக்குக் கிழக்கே தண்ணீர் நல்ல தெளிவு என்றார்கள். நீரோட்டம் திடீரென்று திரும்பியிருக்கிறது. ஜெஸ்டின் கயிற்றை வலித்தான், பை வந்தது. பையோடு கை வரவில்லை. டியூபை இழுத்தான், பாதியில் அறுந்து வந்தது. குதித்தான், தேடினான், மூக்கில் ரத்தம் வரும்வரை தேடினான். மற்ற வள்ளங்கள் வந்தன, கோஸ்ட் கார்டு படகு வந்தது. அமலன் வரவில்லை.

அதற்குப் பிறகு ஜெஸ்டின் தினமும் சாயங்காலம் எங்கள் தெரு முனையில், ஐஸ் பேக்டரிச் சுவரோரம் வந்து நின்றான். வாசலுக்கு வரமாட்டான். சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவான். கிட்டங்கியிலிருந்து ஆனி அந்த வழியாகத்தான் வருவாள். அண்ணன் நிற்பான், தங்கச்சி கடந்து போவாள். பெற்ற வயிறு ஒன்று, பேச்சு இல்லை.

பெட்டி வந்த மறுநாளும் ஆனி வேலைக்குப் போனாள். மட்டக்கடைக்குப் பின்னால் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் கிட்டங்கி. முற்றம் முழுக்கச் சங்கு குவிந்திருக்கும். சதையைக் கொக்கியால் சுழற்றி எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பூச்சி அரித்ததைத் தனியே தள்ளி, அளவு வாரியாகச் சாக்கில் போட வேண்டும். சதை எடுக்கும் வேலை எல்லோருக்கும் வராது. திருகின வாக்கில் கை போக வேண்டும், அவசரப்பட்டால் பாதிச் சதை உள்ளே தங்கி நாறிவிடும். கிட்டங்கி நாற்றம் புதிதாக வருகிறவர்களைக் குமட்டும். பழகினவர்களுக்கு அது வீட்டு நாற்றம்.

அண்ணாச்சி நல்ல மனுசன்தான். ஆனால் துக்கத்தை எப்படிப் பேசுவது என்று தெரியாதவர். ஆனியைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார்.

"ஏம்மா, நாலு நாளு வீட்டுல இருந்துட்டு வரலாம்லா?"

"வீட்டுல இருந்து என்ன செய்யப் போறேன் அண்ணாச்சி?"

ஒரு டீ சொல்லி அனுப்புவார். ஒரு டீக்கு மேல் ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது.

ஆனிக்கு எதிரே உட்கார்ந்து சங்கு கழுவுகிறவள் ரேபா. கல்கத்தாப் பக்கத்துக்காரி. அங்குள்ள முதலாளிக்காகச் சங்கு தரம் பிரிக்க வந்த நிமாயின் மனைவி. தமிழை இந்தக் கிட்டங்கியில், ஆனியின் வாயைப் பார்த்தே கற்றுக்கொண்டவள். அதனால் பேச்சு அச்சு அசல் தூத்துக்குடி. ஒரே ஒரு குறை, ஆண் பெண் பேதம் அவளுக்குப் பிடிபடவே இல்லை, எதற்கும் 'ஆன்' போட்டுவிடுவாள். அண்ணாச்சியும் 'வாரான்', அண்ணாச்சியின் சம்சாரமும் 'வாரான்'. மாதா கோயில் தேர் பார்க்கக் கூட்டிப்போனபோது, "மாதா எவ்வளவு அழகா வாரான்!" என்றாள். அமலன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ரேபா முதல்நாள் கிட்டங்கிக்கு வந்தபோது ஆனி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் வெள்ளை வளையல். எலும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. ரேபா சிரித்துக்கொண்டே சங்குக் குவியலைக் காட்டினாள். நம்முடைய சங்கு கல்கத்தா போய் வளையலாகிறது என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். போட்டிருக்கும் கையைத்தான் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நிமாயும் ரேபாவும் சாப்பிட வந்தபோது அமலன் வளையலைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏ, இது வான் தீவுப் பாருல நான் எடுத்த சங்குல்லா! நெறத்தப் பாத்தாலே தெரியுதே," என்றான். ஜெஸ்டின், "விடுதான் பாரு! கல்கத்தாக்காரி கையப் பாத்துப் பாரு சொல்லுதான்," என்று மச்சான் தலையில் தட்டினான்.

அன்றைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அதிகமானது. ரேபா வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் கலசம் வைத்து, சிவப்பு அட்டை போட்ட மெல்லிய புத்தகத்திலிருந்து பாட்டாக ஏதோ வாசிப்பாள். அவர்கள் ஊரில் கல்யாணமான பெண்களெல்லாம் வாசிப்பார்களாம். ஆனி ஒரு எழுத்தும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ராகம் ஜெபமாலை சொல்வதுபோல ஏறி இறங்கும், மனசு அதன் பின்னாலேயே போகும். வாசித்து முடித்ததும் ரேபா கதையைத் தமிழில் சொல்வாள். பதிலுக்கு ஆனி புனிதர்கள் கதை சொல்வாள். தொலைந்த பொருளை அந்தோணியார் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று சொன்னதை ரேபா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அமலன் காணாமல் போன பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்தோணியார் கெபியில், குகைபோலக் கட்டிய அந்தச் சிறு கோயிலில், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் கிட்டங்கிக்கு வந்தாள். நெற்றியில் குங்குமமும் தலைவகிட்டில் செந்தூரமுமாக ஒருத்தி அந்தோணியார் முன்னால் முட்டிபோடுவதைக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை முதலில் முறைத்தாராம். பிறகு அவரே தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தாராம்.

அன்று மத்தியானம் ரேபா தன் தூக்குச்சட்டியைத் திறந்து ஆனியின் பக்கம் தள்ளினாள். கடுகை அரைத்து விட்ட மீன்குழம்பு. கடுகு தாளிக்கத்தான் என்று நினைத்திருந்த ஆனிக்கு முதலில் அது தொண்டையில் இறங்காமல் இருந்தது. பிறகு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

"தீதி, சாப்பிடு. நீ சரியா சாப்பிட மாட்டான்." அவள் பாஷையில் தீதி என்றால் அக்கா.

"சாப்புடுதேன்." ஒரு வாய் எடுத்தாள். காரம் மூக்கில் ஏறியது. ஏறியது தெரிந்தது, அவ்வளவுதான்.

"வீட்டுக்குப் பெட்டி வந்துட்டு," என்றாள் ஆனி.

ரேபா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரேபா, உங்க ஊருல புருசன் செத்தா இந்த வளையல என்ன செய்வீங்க?"

ரேபா வளையலை மறு கையால் மூடிக்கொண்டாள். "ஒடைப்பான்."

"நாங்க தண்ணிக்குள்ள போய் எடுக்கோம். நீங்க போட்டு ஒடைக்கிய." ஆனியின் குரலில் குற்றமோ வருத்தமோ இல்லை. சாக்கை எண்ணிச் சொல்வதுபோலச் சொன்னாள். "எதாவது கத சொல்லு. வியாழக்கெழம வாசிப்பியே."

"இந்த மாசம் வாசிக்கல தீதி. நீ வரல, எனக்கு மனசு இல்ல." ரேபா யோசித்தாள். "வேற கத, எங்க அம்மா சொன்னான். வளையல்காரன் கத. சொல்லவா?"

"சொல்லு."

"ஒரு ஊர்ல வளையல்காரன். சங்கு வளையல் விக்கான். பெரிய கொளம் ஒண்ணு. கரையில ஒரு சின்னப் பொண்ணு நிக்கான். 'எனக்கு வளையல் போடு'ங்கான். ரொம்ப அழகான கை. இவன் போட்டான். 'காசு?' 'எங்க அப்பாட்ட வாங்கிக்க. கோயில்ல பூசை வைக்கான், அவன்தான் அப்பா'ங்கான். இவன் கோயிலுக்குப் போனான். பூசாரி சொல்லுதான், 'எனக்கு மகளே இல்ல. பிள்ளையே இல்ல. நீ பொய் சொல்லுத.' வளையல்காரன் அழுதான். 'நான் பொய் சொல்லல. வா, காட்டுதேன்.' ரெண்டு பேரும் கொளத்துக்கு வந்தான். கரையில யாரும் இல்ல. தண்ணி மட்டும். பூசாரிக்குக் கோவம். வளையல்காரன் தண்ணியப் பாத்துக் கத்துதான், 'அம்மா, உங்க அப்பா நம்பல! நான் பொய்க்காரன் இல்லன்னு சொல்லு!'"

ரேபா நிறுத்தி, தன் இரண்டு கைகளையும் மடியிலிருந்து மெல்ல மேலே தூக்கினாள். மணிக்கட்டில் வளையல் தெரிந்தது.

"தண்ணியிலேருந்து ரெண்டு கை வந்தான். சங்கு வளையல் போட்ட கை."

ஆனி அந்தக் கைகளையே பார்த்தாள். "பெறவு மேல வந்தாளா?"

"இல்ல தீதி. கை மட்டும். காட்டினான், உள்ள போய்ட்டான். அவன் சாமி."

"பூசாரி?"

"அழுதான். 'எனக்கு மக இருக்கான்'னு ஊரெல்லாம் சொன்னான்."

"மேல வரவே இல்லியா?"

"வரல. கை காட்டினான்ல? அது போதும் அவனுக்கு."

ஆனி சட்டியை மூடிவைத்தாள். மத்தியானத்துக்கு மேல் அவள் வேலையே ஓடவில்லை என்று ரேபா பிறகு சொன்னாள். ஒரே சங்கைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தாளாம். அண்ணாச்சி செருமிவிட்டு இரண்டாவது டீயும் சொன்னாராம்.

சாயங்காலம் ஜெஸ்டின் ஐஸ் பேக்டரிச் சுவரோரம் வழக்கம்போல நின்றான். கொண்டல் காற்று உப்பையும் கருவாட்டு வாடையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. ஆனி வந்தாள், கடக்கவில்லை, நின்றாள். எதிர்ப்பக்கம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களின் கை தானாக நின்றுவிட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். காது கொடுக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"அண்ணே, ஒரு கத சொல்லுதேன், கேளு."

ஜெஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு நாள் கழித்துத் தங்கச்சி வாய் திறந்தால் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்திருப்பான். கதை சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

ஆனி சொன்னாள். அவள் சொன்ன கதையில் குளம் தெப்பக்குளம் ஆகிவிட்டது. பூசாரி கோயில்பிள்ளை ஆகிவிட்டார். "கோயில்பிள்ளைக்கு மக்கமாரே கெடையாது, பாத்துக்க," என்று சொல்லும்போது கையை விரித்துக் காட்டினாள். வளையல்காரன் கத்துகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். வங்காளத்துச் சாமியின் கை எங்கள் தெரு முனையில் தண்ணீருக்குள் காத்திருந்தது.

"பெறவு?" என்றான் ஜெஸ்டின்.

"தண்ணிக்குள்ளேருந்து கை வந்துச்சாம். கை மட்டும். காட்டிட்டு உள்ள போயிட்டாளாம்."

ஜெஸ்டினின் முகம் கோணியது. சுவரில் சாய்ந்தான்.

"கை வரலளா," என்றான். "எனக்குக் கை வரல. பை வந்துச்சு. நல்ல கனம். நெறய சங்குடேன்னு சந்தோசமா ரெண்டு கையாலயும் வாங்கி, ஒடஞ்சிராம மெதுவாப் பலகையில வச்சேன். அதுக்குப் பெறவுதான் தண்ணியப் பாத்தேன். கை இல்ல. நான் பைய வாங்காம டியூப இழுத்திருந்தா..."

"பை எங்க?"

"ஆங்?"

"அந்தப் பை எங்கன இருக்கு? அண்ணாச்சி கிட்டங்கிக்கு வரலியே. வந்திருந்தா நாந்தான கழுவிருப்பேன்."

"வள்ளத்துல. முன்னால, அணியத்துப் பலகைக்குக் கீழ. தொடல நான்."

"வாய் கட்டி இருக்கா?"

"இருக்கு."

"யாரு கட்டுனது?"

ஜெஸ்டின் தங்கச்சியைப் பார்த்தான். "மச்சாந்தான். கீழேருந்து கட்டித்தான அனுப்புவான். அந்தப் பீச்சாங்கை முடிச்சு."

அமலன் இடக்கைக்காரன். மற்றவர்கள் வலமிருந்து சுற்றும் முடிச்சை அவன் இடமிருந்து சுற்றுவான். அவன் கட்டியதை அவிழ்க்க ஜெஸ்டின் தினமும் ஒரு பாட்டம் திட்டுவான்.

"மூச்சு முட்டுதவன் பைய விட்டுட்டுல்லா மேல வருவான்," என்றாள் ஆனி. "கட்டி அனுப்புற வரைக்கும் அவரு நல்லாத்தான் இருந்திருக்காரு. அவரு அனுப்புனத நீ வாங்கிருக்க. அதுதாண்ணே கை."

ஜெஸ்டின் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஆம்பிளை அழுவதை நான் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன், இந்தக் கரையில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் அதுவரை அழாதவன் அழுவது வேறு. ஆனி அழவில்லை. அவன் தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலைல பைய வீட்டுக்குக் கொண்டா," என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுக்குள் போனதும் விக்டோரியாவிடம், "மாமி, சாமியார்ட்ட சொல்லச் சொல்லுங்க. நாளைக்கு வச்சிருவோம்," என்றாள். பர்னபாஸ் அந்தோணியார் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

விடிந்ததும் ஜெஸ்டின் பையைத் தோளில் சுமந்து வந்தான். அவனுக்கு முன்னால் நாற்றம் வந்தது. உள்ளே சதை எப்போதோ செத்து அழுகியிருந்தது. தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன, பிறகு ஆவல் தாங்காமல் மறுபடி திறந்தன. ஐஸ் பேக்டரி முனையில் அவன் கால் தயங்கியது. ஆனி வாசலில் வாளியும் கொக்கியும் தேங்காய் நாருமாகக் காத்திருந்தாள். பக்கத்தில் ரேபா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு.

விக்டோரியா வெளியே வந்தாள். "யாருலே உன்ன இங்கன வரச் சொன்னது? எம் பிள்ளைய முழுங்கிட்டு..."

ஜெஸ்டின் பையை இறக்கி வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். விக்டோரியாவின் வசவு பாதியில் நின்றது. அவள் பையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"எம் மவன் முடிச்சு," என்றாள். "பீச்சாங்கையால சோறு திங்காதலேன்னு அகப்பக் காம்பால அடிச்சிருக்கேன். ராஸ்கோல், கேக்கவே மாட்டான்."

ஜெஸ்டின் கத்தியை எடுத்தான். விக்டோரியா அவன் கையைத் தட்டிவிட்டாள். "அறுக்காத!" இறுகி உப்பேறிய கயிறு. அவள் தன் இடக்கை விரல்களால் ஒவ்வொரு சுற்றாக நெம்பினாள். நகம் உடைந்தது. ஒருவரும் உதவவில்லை, உதவக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முடிச்சு அவிழ்ந்ததும் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "கழுவுங்க," என்றாள்.

ஆனியும் ரேபாவும் கழுவினார்கள். ஜெஸ்டின் தண்ணீர் மொண்டு ஊற்றினான். கொக்கியைத் திருகி அழுகிய சதையை எடுப்பது, நாரால் தேய்ப்பது, காதருகே வைத்து ஆட்டி உள்ளே எதுவும் மிச்சமில்லையென்று பார்ப்பது, எல்லாம் கிட்டங்கி வேலைதான். ஒன்றையும் ஆனி அவசரமாகச் செய்யவில்லை. ஒரு சங்கை ரேபா இரண்டு கைகளிலும் ஏந்தி நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் அது வளையலாகிக் கையில் ஏறுகிற வரை எத்தனை பேர் கும்பிடுவார்களோ. விக்டோரியா அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரேபாவுக்கு ஒரு மணையை நகர்த்திக் கொடுத்தாள்.

அண்ணாச்சி துட்டிக்குத் துக்கம் கேட்க வந்தபோது சங்குகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பழக்கதோஷம், அவர் கண் அளவெடுத்தது. "எல்லாம் மொதத் தரம்," என்றார் தன்னையறியாமல். பிறகு வெட்கப்பட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இது விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி," என்றாள் ஆனி.

"சேச்சே. நான் அப்படிச் சொல்லலம்மா."

பெட்டிக்குள் நீலச் சட்டையை விரித்தார்கள். மேலே கைலி. அதன்மேல் சங்குகளை ஆனியே ஒவ்வொன்றாக அடுக்கினாள், வாய்ப்பக்கம் கீழே பார்க்க, சாக்கில் அடுக்குவதுபோல. உருளாமலிருக்க இடையிடையே துணி செருகினாள். கடைசியில் விக்டோரியா இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்து மேலே வைத்தாள். மூடி போட்டு ஆணி அறைந்தார்கள்.

"தலமாடு யாரு?" என்று சாமியார் கேட்டார்.

எல்லாரும் விக்டோரியாவைப் பார்த்தார்கள். விக்டோரியா சுவரைப் பார்த்தாள். "கயிறு பிடிச்சவந்தான் பிடிக்கணும். வழக்கம் தெரியாதாக்கும்," என்றாள்.

ஜெஸ்டின் குனிந்து தோள் கொடுத்தான். பெட்டி கனத்தது. லோடு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ஆளைத் தடுமாற வைத்த பெட்டி இப்போது நாலு ஆள் தோளையும் அமுக்கியது. கல்லறைத் தோட்டம் வரை, கால் மாற்றும்போதெல்லாம் உள்ளே சங்கோடு சங்கு உரசி மெதுவாகச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் வெறும் சட்டையைப் புதைத்த பெட்டிகளைச் சுமந்த தோள்கள் உண்டு. அந்தப் பெட்டியில் கனமில்லாததுதான் கனம் என்பார்கள். அன்று அந்தப் பேச்சு எழவில்லை.

புதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஜெஸ்டின் ஐஸ் பேக்டரிச் சுவரோரம் நின்றுவிட்டான். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ரேபா அடுப்படியில் கடுங்காப்பி போட்டிருந்தாள். கருப்பட்டி கொஞ்சம் கூடுதல்.

விக்டோரியா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "காப்பி ஆறுது. அவனக் கூப்பிடு," என்றாள்.

ஆனி டம்ளரோடு வாசலுக்கு வந்து நின்றாள். கூப்பிடவில்லை. தெரு முனையைப் பார்த்தாள். ஜெஸ்டின் தயங்கித் தயங்கி நடந்து வந்து, வாசலுக்கு வெளியே, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான். கையிலும் சட்டையிலும் கல்லறை மண். டம்ளருக்குக் கையை நீட்டினான்.

ஆனி கொடுக்கவில்லை.

"சொல்லு," என்றாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையை ஆட்டினான், முடியாது என்பதுபோல.

"சொல்லுண்ணே."

உள்ளே விக்டோரியா நீட்டிய காலை மடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"ஏளா ஆனி," என்றான் ஜெஸ்டின். குரல் வரவில்லை. மறுபடி சொன்னான். "ஏளா ஆனி, உன் ஆளக் கொண்டாந்துட்டேன். பாத்துக்க."

"பாத்துக்கிட்டேன்," என்றாள் ஆனி. டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அவள் முகம் உடைந்தது.